கீழே இறக்குவதில்லை

காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு லிஃப்ட் காலியாகக் கீழே இறங்கியது.

அந்த நேரம் ரஞ்சிதாவுக்கு அப்போது தெரியாது. மதியம் கேமரா அறையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். திரையின் மூலையில் வெள்ளை எழுத்தில் இருந்தது.

லிஃப்ட் காலியாக இறங்குவது புதிதல்ல. தை மாதத்திலிருந்து அது அப்படித்தான் இறங்கியது.

நாமக்கல்லில் இருந்த அந்தத் துணிக்கடைக்கு நான்கு மாடிகள். நான்காவது மாடியில் பட்டு. பட்டு எடுக்க வருகிறவர்கள் லிஃப்டில் நேராக மேலே போவார்கள். எடுப்பார்கள். நேராகக் கீழே வந்து போய்விடுவார்கள். நடுவில் இருந்த மூன்று மாடிகளில் விற்பனைப் பெண்கள் சும்மா நின்றார்கள்.

மேனேஜர் பூபதி ஆத்தூர்க்காரர். மார்கழியில் வேலைக்கு வந்தார். ஒரு வாரம் லிஃப்ட் வாசலில் நின்று ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எண்ணினார். பிறகு முதலாளியிடம் போய்ப் பேசினார். முதலாளி போர்வெல் ரிக் ஓட்டிச் சம்பாதித்தவர். "போட்டுப் பாருங்க. தண்ணி வந்தாச் சரி," என்றார்.

பொங்கல் முடிந்ததும் மேல்மாடிகளில் லிஃப்ட் பொத்தான்களின் மேல் எஃகுத் தகடு வைத்துத் திருகினார்கள். லிஃப்ட் மேலே ஏற்றும். கீழே இறக்காது. இறங்குவது படியில்.

கட்டடத்தின் இரண்டு முனையிலும் படி உண்டு. நான்காவது மாடியில் மேற்குப் படியை அலமாரி வைத்து அடைத்தார்கள். மூன்றாவதில் கிழக்குப் படியை. இரண்டாவதில் மறுபடி மேற்கு. முதலாவதில் மறுபடி கிழக்கு. இறங்குகிறவர் ஒவ்வொரு மாடியையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து கடக்க வேண்டும்.

விற்பனை ஏறியது. பட்டு எடுத்தவர்கள் இறங்கும் வழியில் ஒரு போர்வை எடுத்தார்கள். பேரனுக்கு ஒரு சட்டை எடுத்தார்கள். திட்டிக்கொண்டேதான் எடுத்தார்கள்.

திட்டு முழுக்க ரஞ்சிதாவுக்கு வந்தது. அவள்தான் லிஃப்ட் ஓட்டுகிறவள்.

"ஏனம்மணி, ஏத்தத் தெரிஞ்ச மிசினுக்கு எறக்கத் தெரியாதா?"

"மேல கொண்டி உட்டுப்போட்டு அப்புடியே மறந்துருவீங்களாட்ட இருக்குது."

"பொண்ணு குடுக்கற ஊடு மாதிரியில்ல பண்றீங்க. போனாத் திரும்ப முடியாது."

ரஞ்சிதா சிரிப்பாள். சிரிக்கச் சொல்லியிருந்தார்கள்.

தினமும் காலை ஒன்பதே முக்காலுக்குக் கூட்டம் நடக்கும். பூபதி குரலை உயர்த்தாமல் பேசுவார்.

"கஸ்டமர் காரணம் சொல்வாங்க. குழந்தைக்கு ஒண்ணுக்கு வருதும்பாங்க. கார்ல பர்ஸ விட்டுட்டோம்பாங்க. கீழ ஆளு நிக்குதும்பாங்க. எல்லாமே காரணம்தான். சிரிச்சுக்கிட்டே படியக் காட்டுங்க."

"முட்டி வலின்னா சார்?" என்று ரஞ்சிதா கேட்டாள்.

"முட்டி வலி யாருக்கும்மா இல்ல? எனக்கே இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். பூபதி சிரிக்கவில்லை. "ஆனா ஒண்ணு. நெஞ்சு வலி, மயக்கம், மாசமா இருக்கறவங்க. உடம்புக்கு முடியலன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உடனே எறக்கு. என்னைக் கேக்கக்கூட வேண்டாம்."

நான்கு மாதத்தில் இரண்டு பேரை அப்படி இறக்கியிருந்தாள். கர்ப்பிணி ஒருத்தி. வலிப்பு வந்த பையன் ஒருவன்.

ரஞ்சிதாவுக்கு இருபத்தேழு வயது. மூன்று வருடத்துக்கு முன் வண்டியிலிருந்து விழுந்ததில் வலது முட்டியில் கம்பி வைத்திருந்தார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்க வேண்டும். ஊழியர்களுக்கு ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. கடையும் வாங்கிப் போட்டது. அவற்றின் மேல் துண்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஆள் உட்காரும் ஸ்டூல் கடையில் ஒன்றுதான். அது லிஃப்டுக்குள் இருந்தது. மூன்றாவது மாடியில் அவள் சுவரில் சாய்ந்து நின்றதைப் பார்த்துவிட்டு அதை அவளுக்குக் கொடுத்தவர் பூபதி.

"முடியலன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானேம்மா," என்றார் அன்றைக்கு.

வைகாசி முதல் வாரம், வியாழக்கிழமை. பத்தரை மணிக்குப் பரமத்தி வேலூரிலிருந்து ஒரு வேன் வந்தது. பதினாறு பேர். கல்யாண ஜவுளி. மாப்பிள்ளை கவின். பெண் தமிழினி. இரண்டு வீட்டாரும் சேர்ந்து வந்திருந்தார்கள். ரஞ்சிதா இரண்டு நடையாக ஏற்றினாள். இளையவர்கள் முதல் நடையில் போய்விட்டார்கள். இரண்டாவது நடையில் கவினின் அப்பா ராசப்பன் ஏறினார். அவர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். அவர் மனைவி பாப்பாயி, தமிழினியின் அம்மா வள்ளியாத்தாள், இன்னும் ஐந்து பேர்.

"எட்டுப் பேருதானுங்க ஏறலாம்," என்றாள் ரஞ்சிதா.

"எட்டுப் பேருதான் அம்மணி. இவள ரெண்டாப் போட்டாத்தான் ஒம்போது," என்று ராசப்பன் மனைவியைக் காட்டினார்.

"ஆமா. இவுரு கொடிக்கால்ல காத்தடிச்சாப் பறந்துருவாரு. நாந்தான் கொடியோட சேத்திக் கட்டி வெச்சிருக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாயி ஸ்டூலைப் பார்த்தார்.

"நாள் முச்சூடும் இந்தப் பொட்டிக்குள்ளயேவா சாமி?"

"ஆமாங்கம்மா."

"காத்து வருதா?"

"மேல ஃபேன் இருக்குதுங்க."

"சோத்துக்கு உடுவாங்களா?"

"உடுவாங்கம்மா."

"அப்பறமென்ன. உக்காந்த எடத்துல ஊரெல்லாம் ஏத்தி எறக்கற."

ஏற்றி இறக்குவதில்லை என்று ரஞ்சிதா சொல்லவில்லை. இறங்கும்போது அவர்களுக்கே தெரியும்.

லிஃப்ட் லேசாகக் குலுங்கியது. ராசப்பன் மேலே பார்த்தார்.

"ஏம் பாப்பா, இந்தக் கவுறு அறுந்துதுன்னா..."

பாப்பாயி அவர் கையில் அடித்தார். விளையாட்டு அடி அல்ல.

"கூறைச்சேல எடுக்கப் போற நேரத்துல என்ன பேச்சு? அச்சானியமா. வாய மூடிக்கிட்டு வாங்க."

ராசப்பன் வாயை மூடிக்கொண்டார். மற்றவர்களும் பேசவில்லை. கூறைச்சேலை கல்யாணத்தன்று பெண் கட்டுவது. அதை எடுத்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வரும்வரை அபசகுனமான பேச்சு எதுவும் காதில் விழக்கூடாது. சாவு, நோய், தும்மல், ஒன்றும் ஆகாது. அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ரஞ்சிதா வீட்டிலும்.

நான்காவது மாடியில் கதவு திறந்தது. பாப்பாயி வலது காலை எடுத்து வைத்து வெளியே போனார்.

ஒரு மணி நேரம் கழித்து ரஞ்சிதா இன்னொரு குடும்பத்தை நான்காவது மாடிக்கு ஏற்றி வந்தாள். அவர்கள் இறங்கினார்கள். வாசலில் பாப்பாயி தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"சாமி, என்னயச் சித்த கீழ உடறயா?"

"லிஃப்டு கீழ எறக்கறதில்லீங்கம்மா. படில போகோணுமுங்க."

"வேன்ல பூவ உட்டுப்போட்டு வந்துட்டேன். கூறைச்சேலைக்கு வெக்கோணும்."

"யாராச்சும் பசங்கள அனுப்புங்கம்மா."

"அவனுக எங்க வருவானுக. சேலயப் பாக்கறானுகளோ, விக்கற புள்ளைகளப் பாக்கறானுகளோ. நானே போறேன்."

ரஞ்சிதா சிரித்தாள். கையை நீட்டினாள்.

"அந்தக் கடைசீல படி இருக்குதுங்கம்மா."

பாப்பாயி அந்தக் கடைசியைப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.

"செரி சாமி. நீ உன்ற வேலயப் பாரு."

கதவு மூடியது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் சொல்லி ரஞ்சிதா தெரிந்துகொண்டாள்.

பாப்பாயி நான்காவது மாடியைக் கடந்தார். கிழக்குப் படியில் மூன்றாவது மாடிக்கு வந்தார். அங்கே முதல் அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். விற்பனைப் பெண் அவர் துணியைத் தொட்டுப் பார்ப்பதாக நினைத்தாள். "சீருக்குப் போர்வை பாருங்கம்மா," என்று ஒன்றைப் பிரித்து அவர் கையில் வைத்தாள். "பொறவு பாக்கறேன் கண்ணு," என்றார். நடுவில் இன்னொருத்தி மறித்தாள். மேற்கு முனையில் மூன்றாவது ஆள். இறங்குகிறவர்களை ஒரு முறையாவது நிறுத்த வேண்டும் என்பது பெண்களுக்குப் போட்ட உத்தரவு. பாப்பாயி மூன்று முறையும் நின்றார். மூன்று முறையும் பதில் சொன்னார்.

இரண்டாவது மாடியில் பாதி தூரம் வந்தார். குழந்தைகள் கவுன் குவித்திருந்த மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஓய்வெடுக்கிறார் என்று நினைத்துச் சிலர் அவரைச் சுற்றிப் போனார்கள். ஒரு பெண் குனிந்து, "எத்தன வயசுக் கொழந்தைக்குங்கம்மா?" என்று கேட்டாள். பாப்பாயி பக்கவாட்டில் சாய்ந்தார்.

லிஃப்டுக்குள் இருந்த போன் அடித்தது. "ரெண்டாவது மாடி. வெசயா வா," என்று ஒரு குரல் கத்தியது.

கதவு திறந்தபோது நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ரஞ்சிதா ஸ்டூலைக் காலால் வெளியே தள்ளினாள். பாப்பாயியின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

நான்கு மாதத்தில் அந்த லிஃப்டில் கீழே இறங்கிய மூன்றாவது ஆள் அவர்.

நூற்றெட்டு வண்டி வாசலுக்கு வந்தது. பூபதியே ஒரு பக்கம் பிடித்து ஏற்றினார். "கூட யாரு? கூட யாரு வந்தது?" என்று கத்தினார். யாரும் இல்லை. ஒரு விற்பனைப் பெண்ணை ஏற்றி அனுப்பினார். ரஞ்சிதா லிஃப்டை நான்காவது மாடிக்கு விட்டாள். பட்டுப் பிரிவில் வெள்ளை மெத்தை காலியாக இருந்தது. செருப்புகள் பாதி அங்கேயே கிடந்தன. சேலைகள் பிரித்தபடி கிடந்தன. சேதி கேட்டு எல்லோரும் படியில் ஓடியிருந்தார்கள்.

ராசப்பனும் ஓடினார். நான்காவது மாடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. மூன்றாவதின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு. இரண்டாவதில் மனைவியைத் தேடினார். "கீழ கொண்டு போயிட்டாங்க," என்றார்கள். மறுபடி கிழக்கு. மறுபடி மேற்கு. அவர் வாசலுக்கு வந்தபோது வண்டி போய்விட்டது.

போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்று ஒரு மணிக்குச் செய்தி வந்தது.

கடையை மூடவில்லை.

ஒன்றரை மணிக்கு எலக்ட்ரீஷியன் ரங்கன் திருப்புளியோடு வந்தான். நான்காவது மாடியில் தொடங்கித் தகடுகளைக் கழற்றினான். மாடிக்கு நான்கு திருகு. கழற்றிய தகடுகளைத் தினசரித்தாளில் சுற்றி எடுத்துப் போனான். தகடு இருந்த இடம் சுவரில் வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது. இரண்டு மணிக்கு மேலிருந்து மணி அடித்தது. ரஞ்சிதா மேலே போய் ஆறு பேரை ஏற்றிக் கீழே இறக்கினாள்.

"பரவால்லியே. எறக்கப் பழகீருச்சாட்ட இருக்குது," என்றாள் ஒருத்தி.

மற்றவர்கள் சிரித்தார்கள். ரஞ்சிதாவின் முகமும் பழக்கத்தில் சிரித்தது. அது அவளுக்குத் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

மூன்று மணிக்குப் பூபதி கூப்பிட்டார். கேமரா அறை நான்காவது மாடியின் பின்பக்கம். அவர் ஒரு பாட்டில் தண்ணீரை முழுவதும் குடித்தார். திரையில் பாப்பாயி நின்றிருந்தார். பேசினார். லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீண்டு படியைக் காட்டியது. ரஞ்சிதா அந்தக் கையைப் பார்த்தாள். தன் கை அவ்வளவு நீளம் என்று அவள் நினைத்ததில்லை.

"என்ன சொன்னாங்க?" என்று பூபதி கேட்டார்.

"வேன்ல பூ இருக்குது, எடுக்கோணும்னாங்க."

"உடம்புக்கு முடியலன்னு?"

"சொல்லலீங்க சார்."

"யோசிச்சு சொல்லும்மா."

"சொல்லலீங்க."

பூபதி மூச்சை விட்டார். "அப்ப தப்பு யார் மேலயும் இல்ல. சொல்லியிருந்தா நீ எறக்கியிருப்ப. எனக்குத் தெரியும்."

படத்தைப் பின்னால் ஓட்டினார். மறுபடி ஓடவிட்டார். ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"கால்ல செருப்பு இல்ல," என்றார்.

ரஞ்சிதா பார்த்தாள். வெறும் கால். வேகாத வெயிலில் வேனுக்குப் போகிறவர்.

"இத நீ பாக்கலியா?"

"முகத்தத்தான் பாத்தேன்."

"முகம் எப்படி இருந்துச்சு?"

அவளுக்கு ஞாபகம் இல்லை. பூவுக்குப் போகிறவரின் முகமாகத்தான் அதைப் பார்த்திருந்தாள்.

பூபதி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "எங்கம்மா வயசு," என்றார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"போலீஸ் கேப்பாங்க. அந்த வீட்டு ஆளுங்களும் வருவாங்க. லிஃப்டு வேண்டாம், நடந்தே போறேன்னு அவங்களே சொன்னதா சொல்லிடு."

"கை காட்டறது தெரியுதுங்களே சார்."

"படி எங்கன்னு கேட்டாங்க. நீ காட்டுன." திரையைத் தட்டினார். "இதுல சத்தம் வராது."

மறுபடி ஓடவிட்டார். பாப்பாயி நின்றார். படி எங்கே என்று கேட்டார். கை நீண்டது. சரி என்று சொல்லிவிட்டுப் போனார். பொருந்தியது. ஒரு இடத்திலும் இடிக்கவில்லை.

"உனக்காகவும்தாம்மா சொல்றேன். உன் காலுக்கு எந்தக் கடையில உக்கார வைப்பாங்க?"

அவர் மிரட்டவில்லை. அவர் சொன்னது உண்மை.

சாயங்காலம் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். பூபதி சொன்னதை எழுதிக்கொண்டார். லிஃப்டில் ஏறி இறங்கிப் பார்த்தார். நன்றாக ஓடியது. ரஞ்சிதாவிடம் பெயரும் வயதும் மட்டும் கேட்டார்.

ஆறு மணிக்கு வள்ளியாத்தாள் வந்தார். கூட வேன் டிரைவர். விட்டுப்போன பைகளையும் செருப்புகளையும் எடுத்துப்போக வந்திருந்தார்கள். டிரைவர் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கிவிட்டான். வள்ளியாத்தாள் பட்டுப் பிரிவில் ஏதோ கையெழுத்துப் போட்டுவிட்டுத் தனியாக லிஃப்டில் ஏறினார். கதவு மூடியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப எறக்குதா இது?"

ரஞ்சிதா தலையை மட்டும் அசைத்தாள்.

"உங்கிட்டத்தான் வந்து நின்னாளாமா?"

"ஆமாங்கம்மா. வேன்ல பூ இருக்குது, எடுக்கோணும்னாங்க."

வள்ளியாத்தாள் அவளைப் பார்த்தார்.

"பூவு எங்கிட்ட இருந்துது. இந்தா, இந்தப் பையில."

லிஃப்ட் மூன்றாவது மாடியைக் கடந்தது.

"வேர்த்து ஊத்துச்சு அவளுக்கு. ஏசிக்குள்ள. நெஞ்சுல கைய வெச்சுட்டே உக்காந்திருந்தா. நாந்தான் பக்கத்துல. 'ஏனுங் சம்மந்தி, என்ன பண்ணுது'ன்னேன். கையப் புடிச்சு அமுக்குனா. 'கூறைச்சேல புள்ள மடில இருக்குது, வாயத் தொறக்காதீங்க. கீழ போயி சித்த உக்காந்துட்டு வாரேன். கேட்டா பூவெடுக்கப் போனேன்னு சொல்லுங்க'ன்னா."

ரஞ்சிதா எதையும் அழுத்தவில்லை. லிஃப்ட் தானாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வார்த்தை போதும் என்றுதான் விதி இருந்தது. அந்த வார்த்தையைத்தான் பாப்பாயி சொல்லக்கூடாது. சேலை மடியில் இருந்தது.

"அவங்க ஊட்டுக்காரருகிட்டச் சொன்னீங்களா?"

"எப்புடி அம்மணி சொல்றது? 'தெரிஞ்சும் தனியா உட்டயா'ன்னு கேக்க மாட்டாங்களா? மூணு மாசம் தள்ளிக் கலியாணத்த வெச்சுக்கலாம்னு இப்பத்தான் பெரியவங்க வாயில வந்திருக்குது. எம்புள்ள காலு வெச்சதும் மாமியா போயிட்டான்னு ஏற்கெனவே பேசறாங்க." கைப்பிடியை விட்டுவிட்டு ரஞ்சிதாவின் கையைப் பிடித்தார். "அவரு வந்து கேப்பாரு. பூவுங்கறத மட்டும் எடுக்காத சாமி. அது எங்கிட்ட இருந்துதுன்னு அவருக்கு இப்பத் தெரியும். அப்பறம் எங்கிட்டத்தான் வந்து கேப்பாரு."

கதவு திறந்தது. வள்ளியாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்றிரவு ரஞ்சிதா சாப்பிடவில்லை. மறுநாள் வேலைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். லிஃப்ட் வாசலில் யார் தனியாக வந்து நின்றாலும் முதலில் அவர்கள் காலைப் பார்த்தாள். பிறகு, "உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?" என்று கேட்டாள். சிலர் முறைத்தார்கள். ஒரு கல்யாணக் கூட்டத்தில் ஒரு பெரியவர், "நல்ல காரியத்துக்கு வந்திருக்கறோம், என்ன கேள்வி இது?" என்று சத்தம் போட்டார். பூபதி வந்து மன்னிப்புக் கேட்டார். அவளை ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் ராசப்பன் வந்தார். தனியாக, பஸ்ஸில். மழிக்காத முகம். தோளில் துண்டு. வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். காவலாளி தடுத்து உள்ளே அனுப்பினான். பூபதி ஓடிவந்து அவர் கையைப் பிடித்து அழைத்துப்போனார். சிறிது நேரத்தில் ரஞ்சிதாவையும் மேலே கூப்பிட்டார்கள்.

கேமரா அறையில் படம் ஓடியது. ராசப்பன் துண்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். முடிந்ததும், "இன்னொருக்கா," என்றார். மூன்று முறை பார்த்தார். மூன்றாவது முறை திரையில் பாப்பாயி நகர்ந்து போனதும் கை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டார்.

"லிஃப்டு வேண்டாம், நடந்தே போறேன்னு அம்மா சொன்னாங்கய்யா," என்றார் பூபதி. "படி எங்கன்னு கேட்டாங்க. இந்தப் பொண்ணுதான் வழி காட்டுச்சு."

"நடந்தே போறேன்னாளா?"

"ஆமாங்கய்யா."

ராசப்பன் ரஞ்சிதாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் அங்கே எதுவும் கேட்கவில்லை.

"செரிங்க," என்று எழுந்தார். "ஒண்ணரை பஸ்ஸப் புடிக்கோணும்."

"அய்யாவக் கீழ கொண்டு போய் விடும்மா," என்றார் பூபதி. அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

லிஃப்டில் இரண்டு பேர் மட்டும். ரஞ்சிதா உட்காரவில்லை. ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள். அவரும் உட்காரவில்லை.

"நீ கீழ கொண்டாந்தப்ப மூச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"கண்ணு தொறந்திருந்துச்சா?"

"தொறந்திருந்துச்சுங்க."

அவர் தலையை ஆட்டினார். லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஊட்டுல மொட்டமாடிக்கு ஏறீருவா. எறங்கத்தான் பயம். வடகம் காயப் போடப் போனாக்கூட மேல நின்னுக்கிட்டுக் கூப்புடுவா. முப்பத்தி நாலு வருசமா நாந்தான் கையப் புடிச்சு எறக்கறேன். அவளாவது, நாலு மாடி நடந்து எறங்கறேன்னு சொல்றதாவது."

ரஞ்சிதா சுவரில் கை ஊன்றினாள்.

"நான் சண்டைக்கு வல்ல அம்மணி. கேசு போடவும் வல்ல. அந்தச் சாரு சொன்னது இருக்கட்டும். படத்துல பாத்தேன், அவ நாலஞ்சு வார்த்த பேசறா. பக்கத்துல நான் இருக்கறேன், பெத்த பையன் இருக்கறான். எங்க யாருகிட்டயும் சொல்லாம எந்திரிச்சு வந்து உங்கிட்டப் பேசியிருக்கறா."

லிஃப்ட் கீழ்த்தளத்தில் நின்றது. வெளியே ஆட்கள் காத்திருக்கும் சத்தம் கேட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள். ரஞ்சிதா மூடும் பொத்தானின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். கதவு திறக்கவில்லை.

ராசப்பன் அவள் விரலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"என்ன சொன்னா சாமி?"